பெரிய முதலாளி சொன்ன வேலை

மீன்பிடித் தடைக்காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரையை நண்பகலில் பார்த்தால், ஊரையே யாரோ காலி செய்துவிட்டுப் போனது போல இருக்கும். விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். எஞ்சின் சத்தம் இருக்காது. அந்த வெறுமைக்கு நடுவே, உப்பளத்தை ஒட்டிய எங்கள் மனையில், நாங்கள் மீன் கெடாமல் சேமிக்க ஒரு குளிர் கிட்டங்கி கட்டிக்கொண்டிருந்தோம். அதாவது, கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர்: அண்ணன், நான், அக்காவைக் கட்டிய மச்சான். மளிகை மொத்த வியாபாரம். மீன் ஏற்றுமதிக்காரர் ஒருவர், தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகும்போது கிட்டங்கி தயாராக இருந்தால் சரக்கு முழுவதும் எங்களுக்கு, இல்லையென்றால் வேறு இடம் என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் கடையின் முதலீட்டை இதில் இறக்கினோம். கிட்டங்கி தவறினால் கடையும் தவறும்.

கட்டடத் திட்டத்தை நடத்த நிபுணர் ஒருவரை வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, “எதுக்கு வெளியாளு? நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். என் தகுதிகள்: அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன், கோயில் கொடை விழாவுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தவன். இரண்டிலும் கடைசிப் பந்திக்குச் சாம்பார் இல்லை என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

எங்கள் கடைப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடையில் யாரும் தன் பெயரில் எதையும் சொல்வதில்லை. விலை குறைக்க முடியாதென்றால் “அப்பா முடியாதுன்னுட்டாவ.” லோடு வேண்டாமென்றால் “அப்பா வேண்டாம்னாவ.” அப்பா இருந்தவரைக்கும் அது வசதியாக இருந்தது. அவர் போன பிறகு இன்னும் வசதியாகிவிட்டது. குறுக்கே பேச ஆளில்லை. கட்டட வேலைக்கு வந்தவர்களோ ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர்கள். அப்பா காலமானது அவர்களுக்குத் தெரியாது. “பெரிய மொதலாளி சொல்லச் சொன்னாவ” என்று ஆரம்பித்தால் கொத்தனார் மறுபேச்சுப் பேசமாட்டார். நானும் சொன்னேன், தாராளமாகச் சொன்னேன்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால், ஓர் உள்சுவர் வரைந்த கோட்டிலிருந்து நகர்ந்து எழும்பியிருந்தது.

“இது யாரு சொல்லி?” என்றேன்.

“பெரிய மொதலாளி சொன்னாவ அண்ணாச்சி” என்றார் கொத்தனார், கரண்டியைக் கீழே வைக்காமல்.

நான் சொல்லாத வேலை. வெயில் கொதிக்கிறது, எனக்கு முதுகு குளிர்கிறது. அண்ணனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் பொய் சொல்லாத மனிதர், அவராக இருக்காது. மச்சானோ வாயே திறக்காதவர். மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான்.

அதன் பிறகு வாரந்தோறும் அப்பா ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். தரையை உயர்த்தச் சொன்னார், தோண்டிய குழியை மூடச் சொன்னார், மூடியதைத் தோண்டச் சொன்னார். உயிரோடு இருந்தபோதுகூட இத்தனை சுறுசுறுப்பாக அவரைப் பார்த்ததில்லை. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த ஓர் உச்சி வேளையில் தனியாக உள்ளே போனேன். பாதிச் சுவரின் மேல் ஒரு தம்ளர். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, ஆவி பறக்க. அப்பா விரும்பிக் குடிப்பது. சுற்றிலும் ஆளில்லை, உப்பு மட்டும் கண்ணைக் கூசவைத்தது. நான் ஓடவில்லை, என் செருப்புகள் அங்கேயே நிற்க, நான் மட்டும் சாலைக்கு வந்துவிட்டேன்.

அன்று மாலை ஏற்றுமதிக்காரர் போன் செய்தார். “தடை முடியப் போகுது. ரூம் ரெடி ஆயிருமா, ஆகாதா? இல்லன்னா சொல்லிருங்க, நான் வேற இடத்துல பேசிக்கிடுதேன்.” ஆகிவிடும் என்று சிரித்துவிட்டு, போனை வைத்ததும் ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்தேன். சாயர்புரத்துக்காரர், கட்டடத் திட்டங்களை நடத்திக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்.

அண்ணன் முகம் சுளித்தார். “சம்பளம் குடுத்து நம்மள அதட்ட ஆளு வைக்கணுமாலே?”

“அதுக்குத்தாண்ணே. ஓசியில அதட்டினா நாம கேக்க மாட்டோம்லா.”

அந்தப் பெண்மணி வந்த முதல் நாள் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொருவரிடமும் போய், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். குளிர்ப் பலகை பொருத்துகிறவர்கள் தரைக்காகக் காத்திருந்தார்கள். தரைக்காரர்கள் ஒயர் குழாய்க்காக. ஒயர்க்காரர் என் அப்பாவுக்காகக் காத்திருந்தார்.

“சார், எல்லாம் பெரிய முதலாளிகிட்ட வந்து நிக்குது. அவங்கள நான் பாக்கணும், கூட்டிட்டு வாங்க” என்றார் என்னிடம்.

“கூட்டிட்டு வர்றது கஷ்டம் மேடம்.”

“உடம்பு முடியலையா?”

“உடம்பே இல்ல.”

அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. எங்கள் அப்பாவை அறியாதவர், எங்களில் யாருக்கும் அடங்க வேண்டியவரும் அல்ல. அதனால் நாங்கள் வாரக்கணக்கில் கேட்காத கேள்வியை அவரால் சாதாரணமாகக் கேட்க முடிந்தது. மூவரையும் தகரக் கொட்டகைக்குள் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “உள்சுவரைத் தள்ளிக் கட்டச் சொன்னது யாரு?” என்றார்.

மூவரும் டீயை ஊதினோம். பிறகு அண்ணன், பொய் சொல்லாத அண்ணன், “அப்பா இருந்தா அப்படித்தான சொல்லியிருப்பாவ” என்றார்.

“தரை?”

மச்சான் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

குழியைத் தோண்டியது நான், மூடியது அண்ணன், மறுபடி தோண்டியது மச்சான். மூவரும் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறோம். மற்ற இருவர் சொன்னது கொத்தனார் வழியாகக் காதுக்கு வந்தபோது மூவருமே தனித்தனியாக நடுங்கியிருக்கிறோம். சுக்குக் காப்பி வைத்தது அண்ணன். “சமாதானம் ஆவாவன்னு பாத்தேன்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. மச்சான் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தாராம்.

“இனிமே நீங்க மூணு பேரும் பேசி ஒரே முடிவா எங்கிட்ட சொல்லுங்க, உங்க பேர்ல. வேலைக்காரங்ககிட்ட நான் மட்டும்தான் பேசுவேன்” என்றார் அவர். வேலை ஓடத் தொடங்கியது. ஒயர் குழாய் முடிந்து தரை வந்தது, தரை முடிந்து பலகை வந்தது. நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே பயனுள்ள வேலை அதுதான்.

ஆனால் ஒன்று இடித்தது. கடல் பார்த்த சுவரில், ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதை அடைக்காமல் அந்தப் பக்கம் பலகை பொருத்த முடியாது. பலகை இல்லாமல் குளிர் நிற்காது. அந்த இடைவெளியை விடச் சொன்னது அண்ணனும் அல்ல, மச்சானும் அல்ல, நானும் அல்ல.

“நீங்க யாரும் வந்து சொல்லல. நான் இங்கன உள்ள நின்னு பூசிக்கிட்டிருந்தேன். உச்சி நேரம். சொவருக்கு அங்கிட்டு இருந்து சத்தம் வந்துது, ‘இங்கன வழி விடு’ன்னு. பெரிய மொதலாளியேதான் வந்திருக்காவன்னு நெனச்சேன்” என்றார் கொத்தனார். இப்போது அவருக்கு அப்பா இறந்துபோன விஷயம் தெரியும். அதனாலேயே அடைக்க மாட்டேன் என்றார்.

கடலுக்குக் கிளம்பப் படகுகளில் ஐஸ் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பெண்மணி எங்கள் பக்கம் திரும்பினார். “வேற கொத்தனார் பிடிக்க நாள் இல்ல. வழி வேணுமா வேண்டாமாங்கறது என் முடிவு இல்ல, உங்களோடது. யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

அண்ணன் உப்பளத்தைப் பார்த்தார். மச்சான் அண்ணனைப் பார்த்தார். பார்க்க எனக்கு யாரும் மிஞ்சவில்லை.

“நான் சொல்லுதேன். அடைங்க” என்றேன். குரல் ஆட்டுக்குட்டி போல வந்தது.

“பெரிய மொதலாளி கேட்டா?”

“என்னையக் கேக்கச் சொல்லும்.”

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. கொத்தனார் அதற்குள் கலவையைக் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

படகுகள் திரும்பிய அன்று அறை குளிர்ந்து தயாராக இருந்தது. லாரி வாசலில் நின்றது. ஏற்றுமதிக்காரர் தன் கருவியால் குளிரை அளந்து பார்த்துத் தலையாட்டினார். சரக்கு இறக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று பெண்மணி சொன்னதால் நான் உள்ளே போனேன். கனமான கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே உச்சி வெயில், உள்ளே பல் கிட்டியது.

கடல் பக்கச் சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுவது போல. புதிதாகப் பூசிய இடத்தில் காரை பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. தட்டல் ஒரு முனையில் தொடங்கி, அடைத்த இடத்துக்கு வந்து நின்றது. பலகை சுருங்கும் சத்தமாக இருக்கலாம் என்று மேடம் பிற்பாடு சொன்னார். இருக்கலாம்.

“நான்தான் அடைக்கச் சொன்னேன், அப்பா” என்றேன். அந்தச் சொற்கள் வாயிலிருந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பிச் சுவரை நோக்கிப் போயின.

பிறகு தட்டல் மறு முனை வரைக்கும் நிதானமாகப் போய் ஓய்ந்தது. நான் கதவைத் தள்ளித் திறந்து, நடுங்குவது குளிரால்தான் என்று எல்லோரும் நம்பும்படி கைகளைத் தேய்த்துக்கொண்டே, மீனை இறக்கச் சொன்னேன்.