மாலை போட்ட மாப்பிள்ளை

எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் ஐயப்பனுக்கு மாலை போட்டதை எங்க ஊர் ஹனூரில் இன்றைக்கும் பக்தியோடு பேசுவார்கள். பேசட்டும். அந்தப் பக்தியின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்!

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அவர் என் அத்தை மகன், லாரி டிரைவர். நான் மைசூரில் ஊதுபத்திக் கம்பெனியில் வேலை. கார்த்திகையில் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. திடீரென்று மனுஷர் கறுப்பு வேட்டியும் மாலையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "விரதங்க. தை பொறந்துதான் கல்யாணம்." எங்கம்மா விழுந்து கும்பிட்டாள். கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற ஆளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! கட்டிக்கப்போகிற என்னையே "நல்லா இருக்கீங்களாம்மா?" என்கிறார்.

அம்மா காபி போட உள்ளே போனதும் பிடித்துக்கொண்டேன்.

"மாலை போட்டவங்க பொய் பேசக்கூடாதுங்க சாமி. என்ன விஷயம்?"

முழித்தாரே ஒரு முழி! அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பம்பாய்க்கு லோடு போன வழியில் சபலப்பட்டு எங்கேயோ போயிருக்கிறார். பயந்துபோய் மறுநாளே எய்ட்ஸ் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று வந்ததும் கிளீனருக்குப் பிரியாணி விருந்தாம்! அந்த வாரமே ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், சீழ். மைசூரில் ஒரு டாக்டரம்மா அதை மருந்து கொடுத்துக் குணமாக்கிவிட்டு, வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

"இது நாலு நாளில் தலைகாட்டிடும். எய்ட்ஸ் அப்படியில்லை. உடம்பில் ஒண்ணும் தெரியாது, ரத்தத்திலும் உடனே தெரியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் கொடு. அதுவரைக்கும் கல்யாணம் கில்யாணம்னு போய் நிக்காதே."

"அதான் புள்ளே, மாலையப் போட்டுட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த செம்பு அவர் மண்டையில் இறங்கியிருக்கும்; மாலைதான் காப்பாற்றியது. கொல்லைப்பக்கம் போய் அழுதேன். ஆனாலும், நோயையும் தாலியோடு சேர்த்து என் கழுத்தில் கட்டாமல் நின்றாரே என்று மனசு கொஞ்சம் இறங்கியது.

பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அட கஷ்டமே! மாலை தையில் கழன்றுவிடும், மூணு மாசம் மாசியில்தான் முடிகிறது. பெரியவர்கள் தை முகூர்த்தத்தை விடுவார்களா? அன்று சாயங்காலமே மாரியம்மனை இழுத்துவிட்டேன். மாசித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்காமல் என் கழுத்தில் தாலி ஏறாது என்று ஒரே பிடிவாதம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டும் சாமிப் புள்ளைங்க" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாசியில் நானே அவரை ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போனேன். ரிசல்ட் வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கன்னடமும் தமிழுமாக "ஏனில்லப்பா, ஒண்ணுமில்ல" என்றதும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"சாமி காப்பாத்திருச்சு புள்ளே."

"எந்தச் சாமி? நெருப்பைத் தூக்கப்போறவ நானுங்க" என்றேன்.

தூக்கினேன். புளுகு வேண்டுதல்தான், நெருப்பு நிஜமாயிற்றே. உள்ளங்கை கொப்பளித்துப் போனது. அந்தக் கையோடுதான் மணவறையில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் அவர் வெளியூர் லோடுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று, "பத்திரமாப் போய்ட்டு வாங்க சாமி" என்பேன். புருஷன் மேல் என்ன மரியாதை என்று மருமகள் மெச்சிக்கொள்கிறாள். அவர் மட்டும் என் உள்ளங்கைத் தழும்பை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டி ஏறுவார்.