மையத்துகள் எழும்பினால் ஓடவேண்டிய இடம்

இறந்தவர்கள், எங்கள் பேச்சில் மையத்துகள், ஒருநாள் எழும்பி நடந்து வருவார்கள் என்பது எனக்குக் குர்ஆன் ஓதுகிற பள்ளியிலேயே சொல்லித்தரப்பட்டதுதான். ஆனால் அது மறுமை நாளில், எல்லாரும் ஒன்றாக, கேள்விகணக்குக்காக. அதற்கு முன்பே, அதுவும் ஆட்களைக் கடிப்பதற்காக எழும்பி வருவார்கள் என்பதை, மச்சான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய படத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மச்சான் என்றால் என் அக்காவின், ராத்தாவின், மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அப்படி அவர் மாவடிப்பள்ளியிலிருந்து கல்முனைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். வயலில் நின்ற மனிதரை வாப்பா தன் பிடவைக்கடையில் கொண்டுபோய் இருத்திவிட்டார். வீட்டிலும் அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கதிரையின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். உம்மா அவருக்கென்று நாளும் கோழியும் முட்டையும் ஆக்கிவைப்பா. அவர் கொறித்துவிட்டுக் கை கழுவிவிடுவார். புது மாப்பிள்ளை வெட்கம் என்று எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த தெருவில் சவூதியிலிருந்து வந்த ஒருவர் டீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்திருந்தார். இங்கிலீஷ் படம் என்றால் சண்டைப் படமாகத்தான் இருக்கும் என்று நம்பி, அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் என்னை அங்கே கூட்டிப்போனார். நான் பாயில் முன்வரிசையில் இருந்தேன். மண்ணைத் தள்ளிக்கொண்டு முதல் கை வெளியே வந்தபோது மச்சான் என் கண்ணைப் பொத்தினார். நான் அவர் விரல் இடுக்கால் முழுப்படத்தையும் பார்த்து முடித்தேன்.

வினை மறுநாள்தான் தொடங்கியது. நாங்கள் ஓதப் போகும் வழியில் ஊராரை அடக்கம் செய்கிற மையவாடி இருந்தது. அதைக் கடக்கும்போது கப்றுக் குழிக்குள் இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லவேண்டும் என்று ஓதித்தரும் எங்கள் லெப்பை பழக்கியிருந்தார். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை என்று சொல்லித்தந்தவரும் அவரேதான். நான் ஒருநாளும் தவறவிடாமல், மற்றப் பிள்ளைகளைவிட உரத்துச் சொல்லிவந்தவள். எழும்புகிறவர்கள் பதில் சொல்ல முதலில் என்னைத் தேடித்தானே வருவார்கள்? இனி ஓதப் போகமாட்டேன் என்று படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். உம்மாவின் கெஞ்சலும் வாப்பாவின் ஈர்க்கில் அடியும் என்னை அசைக்கவில்லை.

புது மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே ஏசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் வாப்பா முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வந்த இடத்தில அடக்கமா இரிக்கத் தெரியாது! சின்னப்புள்ளயக் கொண்டுபோய்க் கண்ட கண்டதெல்லாம் காட்டுற!"

ஆடு பலா இலையைத் தின்றுகொண்டே கேட்டது. உள்ளே ராத்தா மூக்கைச் சிந்தினா. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மச்சானை வாங்க என்று வாப்பா கூப்பிடுவதில்லை. மச்சானின் சோறு இன்னும் குறைந்தது. நான் திரும்ப ஓதப் போனால்தான் அந்த வீட்டில் அவர் தலை நிமிரலாம் என்பது எனக்கே விளங்கியது. ஆனால் கடி வாங்கப்போவது நானல்லவா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கடையும் பூட்டியிருந்த நேரம், அவர் மெதுவாக என்னிடம் வந்தார்.

"புள்ள, அவங்க எழும்பி வந்தா ஓடி ஒளிக்கிறதுக்கு நல்ல இடமொண்டு பாத்து வெச்சா, ஓதப் போவியா?"

"ஓம்."

"அப்ப வா, ஏறு."

சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன். பள்ளிவாசல் மினாரா நல்ல உயரம்தான். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் மையவாடி. கடற்கரையில் தோணியைப் பார்த்தோம். மையத்துக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். தனக்கே தெரியாது என்று சொன்னார். நெல்லு மில்லுக்கு இரும்புக் கதவு, உள்ளே மூட்டை மூட்டையாக நெல். அதுதான் சரியான இடம் என்று நான் அடித்துச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"தூசியில மூச்சு முட்டிப் போகும் புள்ள. இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம்."

அந்தக் கொஞ்சம் சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பியும் முடியவில்லை. இருபக்கமும் வயல் வந்தது. வயல் வந்ததும் அவர் மிதிப்பதும் வேகமாகியது. வாய்க்குள் ஏதோ பாடினார். எங்கள் வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

சைக்கிள் நின்றது மாவடிப்பள்ளியில், அவருடைய உம்மாவின் வீட்டில். கிடுகு வேலி பாதி சரிந்து கிடந்தது. வேலி வாசலின் படலையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். குசினிக்குக் கதவே இல்லை.

குசினிக்குள் இருந்து மாமி ஓடி வந்தா. கையில் ஒட்டியிருந்த மாவோடு மகனின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டா.

"என்ட வாப்பா! மெலிஞ்சி போனியே மனே. அங்க ஒனக்குச் சோறு தாறல்லயா?"

"தாறாங்க உம்மா. நல்லாத்தான் பாக்காங்க."

சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். சாரனை மடித்துக் கட்டி, குசினி வாசலில் குந்திக்கொண்டு, பழஞ்சோற்றில் தயிரை ஊற்றி, சுட்ட கருவாட்டைக் கடித்துக் கடித்துத் தின்றார். இன்னும் கேட்டு வாங்கித் தின்றார். கோழிக் கறியைத் தொடாத மனிதர் இவர்தானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாயை விரித்துச் சரிந்தவர் அப்படியே உறங்கிப்போனார். மாமி பக்கத்தில் இருந்து முந்தானையால் ஈ விரட்டினா. நான் வாய் திறந்தபோதெல்லாம், "மெல்லக் கத புள்ள, அவன் உறங்கட்டும்" என்றா.

எனக்குப் பொறுக்கவில்லை. பாதுகாப்பான இடம் தேடி வந்தவர் கதவில்லாத வீட்டில் குறட்டை விட்டால் எப்படி? யாராவது காவல் இருக்கவேண்டுமே என்று, ஒரு தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு படலையடியில் போய் நின்றேன். அவர் எழும்பும்வரை நின்றேன்.

திரும்பி வரும்போது கேட்டார்.

"எப்பிடி? இதவிட நல்ல இடம் இரிக்கா?"

"கதவே இல்லயே மச்சான்!"

"ஓம், கதவில்லதான்" என்று ஒத்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் மிதித்த பிறகு, "ஆனா இங்க வந்தா எனக்கு ஒரு பயமும் வாறல்ல" என்றார்.

பெரிய ஆள் ஒருவர் அப்படிச் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கவேண்டும். மாவடிப்பள்ளிக்குள் மையத்துகளால் வர ஏலாது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒளிக்கிற இடத்தை ராத்தாவுக்குக்கூடச் சொல்லப்படாது என்றார். அது நியாயம்தான் என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை ஓதப் போனேன். ஸலாமை மட்டும், யாரும் எழும்பிவிடாத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன். பகல் சோற்றுக்கு வாப்பா, "வாங்க மருமகன்" என்று கூப்பிட்டார். உம்மாவுக்குக் கண் கலங்கியது. ஒரு கிழமைக்குள் படம் எனக்கு மறந்தே போனது.

புது மாப்பிள்ளை தனியாகத் தாய் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினால், பெண் வீட்டில் என்ன குறையோ என்று ஊர் கேட்கும். ராத்தாவை அழைத்துப் போவதென்றால் பலகாரம், சீலை, சொந்தக்காரர் என்று அது ஒரு பெரிய எடுப்பு. பயந்த பிள்ளையைச் சைக்கிளில் வைத்துச் சுற்றுகிறவரை மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் அந்த வீட்டிலேயே பிறந்து, மாப்பிள்ளையையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டவள். ஆம்பிளைக்கும் மனசு உம்மாவைத் தேடும் என்பதை என் வீட்டுக்காரர் வந்த பிறகுதான் நான் கண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் சைக்கிளை எடுத்துத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"புள்ள, இன்னும் பயமா இரிக்கா?"

"இல்ல மச்சான்."

"கொஞ்சங்கூட இல்லயா?"

"கொஞ்சங்கூட இல்ல" என்றேன், அவர் சந்தோசப்படுவார் என்று.

அவர் என் தலையைத் தடவிவிட்டு, சைக்கிளைத் திரும்பவும் சுவரில் சாத்தினார். கொஞ்சம் இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் எனக்கு அது தெரியவில்லை.