“நெட்ல நல்லா போட்டிருக்காங்களே, மேடம்!”

டிராவல்ஸ் கவுண்டர்ல உட்கார்றவங்களுக்கு இப்போ ரெண்டு முதலாளி: ஒருத்தர் சம்பளம் கொடுக்கிறவர், இன்னொருத்தர் எங்கேயோ கால்மேல கால் போட்டு உட்கார்ந்துகிட்டு நெட்ல பயண அனுபவம் எழுதுறவர். தி.நகர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல இருக்கு எங்க ஆபீஸ். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கஸ்டமர் போனைத் திருப்பி என் மூக்குக்கு நேரா நீட்டுவார். இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற என் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்.

ஏரி தெரியும் ரூம்

வேளச்சேரியில இருந்து ஒரு ஐ.டி. பையன். புதுசா கல்யாணம் ஆனவன். மலைமேல ஒரு லாட்ஜ், பால்கனியில நின்னா ஏரி தெரியும்னு எல்லாரும் எழுதியிருக்காங்க, அதுதான் வேணும்னான். “தம்பி, போன மாசம் நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன்பா. ஏரிக்கும் லாட்ஜுக்கும் நடுவுல புதுசா நாலு மாடி எழுப்பிட்டாங்க. இப்போ பால்கனியில நின்னா பக்கத்து மாடியில காயப்போட்ட துணிதான் தெரியும். நீ படிச்சதெல்லாம் கட்டடம் வர்றதுக்கு முன்னாடி போனவங்க எழுதினது”ன்னேன்.

பையன் மரியாதை தெரிஞ்சவன். நான் சொன்னதைப் பொறுமையா முழுக்கக் கேட்டான். அப்புறம் சொன்னான்: “நீங்க ஒருத்தர் சொல்றீங்க மேடம். அங்க ஆயிரம் பேர் சொல்றாங்களே.”

குமாருக்கு ஒரு நட்சத்திரம்

எங்க டிரைவர் குமார், வடபழனிக்காரர். அடையாறுல இருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் போனார். ‘டிரைவர் நிறுத்துற ஓட்டல்ல சாப்பிடாதீங்க, அவங்களுக்குக் கமிஷன்’னு அவங்க எங்கேயோ படிச்சிருக்காங்க. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க ஆளுங்க பட்டுப்புடவைக் கடை வாசல்ல வண்டியை நிறுத்தி நிறுத்தி நாங்களே கெடுத்துக்கிட்ட பேர் அது. குமார் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டும் கேட்காம, நெட்ல புகழ்ந்திருந்த ஒரு தாபாவுலதான் சாப்பிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள மொத்தக் குடும்பத்துக்கும் வாந்தி, பேதி. சின்னக் குழந்தைக்குக் கண் சொருகிடுச்சு.

குமார் குழந்தைக்குத் தண்ணி தெளிச்சு, ஹாரனை அழுத்தின கையை எடுக்காம பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கார். குழந்தை பொழைச்சது. ஊருக்கு வந்து ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினாங்க. படிச்சுக் காட்டினேன். குமார் சிரிச்ச மாதிரி இருந்தது, ஆனா சிரிக்கலை. “ஆஸ்பத்திரிக்கு ஸ்பீடா ஓட்டிக்கினு போனேன்ல மேடம், அதைத்தான் ரேஷ் டிரைவிங்னு போட்டுக்கீறாங்க.”

அவருக்கு என்ன ஆகணும்?

இதுவரைக்கும் சொன்னதைச் சிரிச்சுட்டுப் போயிடலாம். இனிமே சொல்றது அப்படியில்லை.

மயிலாப்பூர் நாகராஜன் சாரும் பத்மா மாமியும் வருஷா வருஷம் எங்ககிட்டதான் டிக்கெட் போடுவாங்க. சார் பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். இமயமலையில ரொம்ப உசரத்துல இருக்கிற ஒரு கோயிலுக்குப் போகணும்னு வந்தாங்க. அங்க போற யாரையும் நாங்க நேரா மேல ஏத்த மாட்டோம். பாதி உசரத்துல ஒரு ஊர்ல ரெண்டு ராத்திரி தங்க வைப்போம். மூச்சு அந்தக் காத்துக்குப் பழகினப்புறம்தான் மேல போறது. மாமிக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வேற வச்சிருந்தது. மெதுவா ஏறினா போகலாம்னுதான் டாக்டரும் சம்மதிச்சிருந்தார்.

சார் போனைத் திருப்பினார். ‘நடுவுல தங்கச் சொல்றது ஏஜென்ட்டுங்க ஏமாத்து. எழுபது வயசு எங்கம்மா ஒரே நாள்ல ஏறி ஜம்முனு தரிசனம் பண்ணாங்க’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். மாமி மெதுவா, “இருந்துட்டே போலாமேன்னா, நேக்கென்ன அவசரம்”னாங்க. நானும் கெஞ்சிப் பார்த்தேன். சார் என் முகத்தைப் பார்க்காம மாமிகிட்ட சொன்னார்: “இவாளுக்குக் கமிஷன் வரும், சொல்றா. அவருக்கு நம்மகிட்டப் பொய் சொல்லி என்ன ஆகணும், சொல்லு?”

மலையில இருந்து போன்

தங்குற ஊர்ல ரெண்டு பேரும் இறங்கவே இல்லை. ரூம் போட்டிருந்தும் ஜீப்பை நேரா மேல விடச் சொல்லிட்டார் சார். மறுநாள் மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், போன் அடிக்குது, சார்தான். மாமிக்கு மூச்சு வாங்கி, உதடு நீலமாகி, கீழே கொண்டு வர்ற வழியிலேயே போயிட்டாங்க. கோயில் கோபுரத்தைத் தூரத்துல இருந்து பார்த்ததோட சரி.

எனக்குக் கோபம்னா கோபம். சொன்னேனே பாவி மனுஷா, அவங்களும்தானே சொன்னாங்கன்னு கத்தணும்போல வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்தப் பக்கம் அவர் அழக்கூட இல்லை. கணக்கு ஒத்து வராத ஆள் மாதிரி திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கிட்டிருந்தார்: “அவர் எழுதினதுல இப்படி ஒண்ணும் இல்லையேம்மா வசந்தி.”

எழுதினவர் பதில்

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் சார் ஆபீசுக்கு வந்தார். ஷேவ் பண்ணாத முகம், சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. மாமி இருந்திருந்தா அப்படி வெளிய விட்டிருக்க மாட்டாங்க. எழுதினவருக்கே நேரா மெசேஜ் போட்டிருக்கார், உங்கம்மா எப்படித் தாங்கினாங்கன்னு. அந்தப் பதிலைத்தான் காட்ட வந்தார்.

அது பொய்ப் பதிவா இருந்திருந்தா நாலு திட்டு திட்டி மனசை ஆத்திக்கிட்டிருப்போம். பாழாப்போன மனுஷன் எழுதினது அத்தனையும் நிஜம். மன்னிப்பெல்லாம் கேட்டிருந்தார், அவரும் அழுதிருப்பார்னுதான் தோணுச்சு. கடைசி வரியைச் சார் விரலால தொட்டுத் தொட்டுக் காட்டினார்: “எங்கம்மா பிறந்து வளர்ந்து இன்னைக்கும் இருக்கிறது கோத்தகிரி மலையிலதான் சார், அதையும் எழுதணும்னு எனக்குத் தோணலை.”

செட்டப்

சார் என் கவுண்டர்லயே உட்கார்ந்து தானும் ஒரு பதிவு எழுதினார். ‘பாதி வழியில் தங்குங்கள். நான் தங்கவில்லை. என் மனைவி இறந்துவிட்டாள்.’ அவ்வளவுதான். இன்னும் ஒருத்தர் வீட்டுல இப்படி ஆகிடக் கூடாதுன்னு அதையே பிடிச்சுக்கிட்டார். யாராவது படிச்சாங்களான்னு கேட்டுக்கிட்டு அப்பப்போ வந்து எங்க சோபாவுல உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒரு மகன் அவன் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தான். அதே கோயில். அந்தம்மாவுக்குப் பத்மா மாமி வயசு, எங்க படியேறி வந்ததுக்கே மூச்சு வாங்கினாங்க. நடுவுல தங்க வேண்டாம், நேரா மேலன்னான். நான் சாரோட பதிவைக் காட்டினேன். “இந்த ஆளு இது ஒண்ணைத் தவிர வேற எதுவுமே எழுதினதில்லை. போட்டோகூட இல்லை. ஃபேக் ஐடி மேடம்”னான். சார் எழுந்து வந்து கைகூப்பினார். “அதை எழுதினது நான்தான்பா. அம்மாவை நேரா ஏத்தாதே. நான் கெட்டது போறும்.” அந்தம்மா பயந்துபோய்ச் சாரையே பார்த்தாங்க. மகன் சாரை மேலயும் கீழயும் பார்த்தான். அம்மா கையைப் பிடிச்சு எழுப்பினான், வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே என்னைப் பார்த்துச் சொன்னான்: “ரெண்டு ராத்திரி ரூம் வாடகைக்காக ஆளெல்லாம் செட்டப் பண்ணி உட்கார வச்சிருக்கீங்களா, மேடம்?”

இந்தத் தொழில்ல நான் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்: பெண்டாட்டி செத்ததை நாலு பேர் நம்பணும்னாகூட, அதுக்கு முன்னாடி ஐநூறு ஓட்டலைப் பத்தி எழுதியிருக்கணும்.