மாமரத்தில் கட்டிய கம்பி

கல்யாணமாகி நான் பாப்பாரப்பட்டிப் பக்கம் வந்தபோது, கம்பைநல்லூரில் என் அம்மா ஒரு மாங்கன்றைப் பழைய டால்டா டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அடுத்த வருஷமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டனுப்பிய நகையெல்லாம் கிணறு வெட்டியதில் கரைந்தது. அம்மா கையால் வந்ததில் எனக்கு மிஞ்சியது வாசலோரம் நட்ட அந்த மரம் மட்டும்தான்.

என் வீட்டுக்காரருக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எங்கள் தெருவிலேயே உயரமாகத் தொங்க வேண்டும். மரம் தொடைப் பருமனுக்கு வந்ததும், நீள மூங்கில் ஒன்றை அதோடு சேர்த்து நெஞ்சு உயரத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். பண்டிகை முடிந்ததும் மூங்கிலை உருவினார், கம்பியை அவிழ்க்கவில்லை. அடுத்த வருஷத்துக்கு ஆகுமாம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்தது. அதற்கு மேலே தண்டு புடைத்துக்கொண்டு நின்றது. இலை மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. ஒரு கோடையில் என்றுமில்லாத காய்ப்பு. நட்சத்திரம் கட்டியதற்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்று கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் கூடை கூடையாகப் பங்கு வைத்தார். காய்க்காத மரம் வைத்திருந்த ஒன்றிரண்டு பேர் கம்பி வாங்கப் போனதாகக்கூடக் கேள்வி.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்தது. கிணற்றுத் தண்ணீருக்குக் கயிறு எட்டவில்லை. இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் புங்கமரம் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நின்றது. அக்கம்பக்கத்து மாமரங்கள் வாடினாலும் தாக்குப்பிடித்தன. எங்களுடையது மட்டும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் அதற்கே ஊற்றினேன். ஒன்றும் மேலே ஏறவில்லை.

காரணம் பின்னாளில் என் மகள் காலேஜில் தாவரவியல் படித்தபோதுதான் புரிந்தது. வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாக வேருக்கு இறங்குகிறது. கம்பி நெரித்தது இறங்கும் வழியை. சாப்பாடு மேலேயே தங்கிக் காயாகக் கொழித்தது, வேர் பட்டினி கிடந்தது. மழை பெய்தவரைக்கும் அது வெளியே தெரியவில்லை. வறட்சி வந்து ஆழத்து ஈரத்தைத் தேட வேண்டியபோது வேருக்குத் தெம்பில்லை.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. கம்பிக்கு மேலே நகத்தால் கீறினேன், காய்ந்திருந்தது. கீழே கீறினால் மெல்லிசாகப் பச்சை தெரிந்தது. அதற்குள் அவர் கடப்பாரையோடு வந்துவிட்டார்.

“வேரோட பேத்தா அடுப்புக்காவது ஆவும்” என்றார்.

“கம்பிக்குக் கீழ அறுத்துட்டு அடிய வுட்டுடுங்க. அது எங்கம்மா குடுத்ததுங்க.”

“செத்ததுக்கு எதுக்கு எடம்?”

“செத்துச்சுன்னு நீங்க சொல்லாதீங்க. கம்பி கட்னது நீங்க.”

அவரிடம் நான் அப்படிப் பேசியதே கிடையாது. அவர் போய் ரம்பம் இரவல் வாங்கி வந்து, கம்பிக்கு ஒரு சாண் கீழே அறுத்தார். வெட்டுவாயில் நான் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினேன். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் கழுவுகிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊற்றும்போதெல்லாம் அவரை மனதுக்குள் திட்டவும் செய்தேன்.

மழைக்கு முன்பே ஒருநாள், கட்டையின் தோலைப் பிளந்துகொண்டு செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்த்தது. நான் அழுதுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் காட்டு வேலை முடிந்து முழங்கால் வரை புழுதியோடு வந்தார். கை கால் கழுவ ஆளுக்கொரு சொம்புதான் அப்போது கணக்கு. சொம்பை எடுத்தவர் கட்டையருகே குனிந்து தளிரை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவ்வளவு தண்ணீரையும் அதன் அடியில் சாய்த்துவிட்டு, அழுக்குக் காலோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். வேறு நாளாக இருந்தால் எழுப்பி விரட்டியிருப்பேன். அன்றைக்கு அப்படியே சோற்றைப் போட்டேன்.