துடுப்புக்கு ஒரே வேலை

ஜெயசீலன் செய்யும் துடுப்பு படகு தள்ள அல்ல, கிழங்கு மயக்க. வெந்த மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பானையிலேயே குத்தி, தேங்காய் அரைப்போடு சேர்த்துக் குழைப்பதற்குத்தான் மயக்குவது என்று பெயர். ஊரை விட்டு வடக்கே வந்து கட்கி தொழிற்சாலையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சாங்வி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து பலாக்கட்டையில் அதைச் செதுக்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுப்பார். ஒரே நிபந்தனை: மரச்சீனியைத் தவிர வேறெதையும் அது தொடக் கூடாது.

கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. மனுஷர் சோதனைக்கு வேறு போவார். பருப்புக் கடைந்த குற்றத்துக்காக மச்சினன் ஆபிரகாமின் துடுப்பு பறிமுதலானது. மாடி வீட்டு மராத்திப் பெண் வைஷாலி பாவ்பாஜிக்கு உருளைக்கிழங்கு மசிக்கும்போது கையும் களவுமாக மாட்டினாள். ஆலூவும் மண்ணுக்குள்தானே விளைகிறது அங்கிள் என்று இந்தியில் வாதாடிப் பார்த்தாள். அவர் கழுவக்கூட விடாமல் வாங்கி வந்துவிட்டார். கூடப் போயிருந்த மனைவி எஸ்தருக்கு மானமே போயிற்று.

சொந்த வீட்டில், கல்யாணமான புதிதில் அவர் செதுக்கிக் கொடுத்த துடுப்பால் கிழங்கு மயக்குவது எஸ்தர்தான். செதுக்கியவர் சாப்பிடுவதோடு சரி.

இந்த மழையில் குளியலறைக் கதவு ஊறிப் பருத்து இறுகிக்கொள்ள, எஸ்தர் உள்ளே மாட்டிக்கொண்டாள். ஜெயசீலன் தோளால் இடித்தார். அசையவில்லை. சுத்தியலை வைஷாலி வாங்கிப் போயிருந்தாள். அவள் வீடு பூட்டிக் கிடந்தது.

"மூச்சு முட்டுது! அடுக்களையில துடுப்பு கெடக்குல்லா, எடுத்து தர்வாஜால ரெண்டு போடுங்க!"

ஜெயசீலன் அடுக்களை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"கேக்கியளா?"

"இரு பிள்ளே, கீழ ரமேஷ் வீட்டுல சுத்தியல் இருக்கான்னு பாக்கேன்."

"ரமேஷா? அவன் வாகட்டுக்குக் குடிபோயி வருஷமாச்சு!"

கடைசியில் துடுப்பை எடுத்து வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார். கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த எஸ்தர், துடுப்பில் கீறல் விழுந்ததா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனைக் கண்டாள். கோபம்கூட வரவில்லை, நெஞ்சுதான் வலித்தது.

"நான் முழுசா இருக்கேனான்னு கேக்கத் தோணலியா?"

ஜெயசீலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று எஸ்தர் கிழங்கை வேகவைத்து இறக்கினாள். துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மறுபேச்சில்லாமல் குத்தத் தொடங்கினார். கொஞ்ச நேரத்திலேயே தோள் விட்டுப்போயிற்று.

"என்னா கனம்! எந்த மடையன் செஞ்சான் இத?" என்றார், தன்னையறியாமல்.

"கனமா இருக்குன்னு கல்யாணமான நாள்லேர்ந்து நானும் சொல்லுகேன்," என்றாள் எஸ்தர். "கட்டியில்லாம மயக்குங்க."