தங்கையுடன் கலஹாவுக்கு

என் தங்கைக்கு முப்பத்தாறு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினொரு முறை பிளேன்டீத் தட்டத்துடன் வந்து நின்றவள், பன்னிரண்டாவது முறை மறுத்துவிட்டாள்.

"தட்டத்தோட இனி வரமாட்டேன் அண்ணே. பாக்கணும்னா என்னோட நடந்து பாக்கட்டும். நானும் அவரப் பாக்கணும்ல."

இதுவும் சரிவராவிட்டால் கல்யாணப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பார்க்க வருபவர் தெல்தெனியாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் உடனே சம்மதித்தார். அவருடைய அக்கா, தானும் கூட வருவதென்றால் சம்மதம் என்றார். ஆகவே தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் நெடுந்தூர நடைபாதையின் முதற்பகுதியை, ஹந்தானையிலிருந்து கலஹா வரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியோடு ஐந்து பேராக நடந்தோம். பதின்மூன்று கிலோமீட்டர்.

திட்டம் நான் போட்டது. முதல் அரை மணித்தியாலம் எல்லோரும் சேர்ந்து நடப்பது. பிறகு நானும் மனைவியும் அந்த அக்காவும் பின்தங்குவது. அவர்கள் இருவரும் ஐம்பது அடி முன்னே போவார்கள். பேச்சுக் கேட்காது, ஆள் தெரியும்.

நான் யோசிக்காமல் விட்டது எங்கள் ஆட்களின் மரியாதையை. சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் குனிந்தேன். எல்லோரும் நின்றார்கள்.

"ஆறுதலா கட்டுங்க சார், நாங்க நிக்கிறோம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அடுத்து மனைவி முழங்கால் வலியென்று மதகில் உட்கார்ந்தாள். அவர் பையிலிருந்து களிம்பை எடுத்துக் கொடுத்தார். தடவும் முறையை விளக்கினார். வலி குறையும்வரை பக்கத்திலேயே நின்றார். குறைந்துவிட்டதென்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுபடி புறப்பட்டபோது அக்கா என் தங்கையின் கையைக் கோத்துக்கொண்டார். "தங்கச்சி ஸ்கூல் விட்டு எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க? ரொட்டி நீங்களே சுடுவீங்களா?" அந்தக் கேள்விகள் ஐம்பது அடி முன்னே போய்க்கொண்டிருந்தன. பின்னால் மருந்துக்கடைக்காரர் என் இரத்த அழுத்தத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். ஆறாவது கிலோமீட்டர் வரை அவர் முழுமையாகப் பார்த்தது என்னைத்தான்.

அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசி வரும்படி எல்லோருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தேன். அக்கா குழந்தைப் பவுடர் போட்டு வந்திருந்தார். ஓடையைத் தாண்டியதும் அவர் காலில் நான்கு அட்டைகள். என் தங்கை உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இன்னொண்ணு இருக்கு. எனக்குத் தெரியும். பொய் சொல்லாதீங்க" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல். ஐந்தாவது அட்டை எங்கும் இல்லை. ஆனாலும் அதற்குமேல் ஓரடி வைக்க மாட்டேன் என்றார்.

நல்லவேளையாகத் தோட்டப் பாதையில் ஒரு ஓட்டோ வந்தது. அக்கா ஏறி, கூட வரும்படி தம்பியைக் கூப்பிட்டார். அவர் அசைவதற்குள் என் மனைவி ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஓரிடம் இருந்தது.

"நான் இவங்களோட நடந்து..." என்று தொடங்கினேன்.

"ஏறுங்க" என்றாள் மனைவி.

ஐம்பது அடி ஏழு கிலோமீட்டராயிற்று.

கலஹாவில் ஒரு தேநீர்க்கடையில் காத்திருந்தோம். என் கணிப்பின்படி இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். இரண்டரைக்கும் வரவில்லை. நான் திருப்பம் வரை நான்கு முறை போய் வந்தேன்.

"சண்ட புடிச்சிட்டாங்களோ?" என்றார் அக்கா.

"சண்டன்னா வேகமா வந்திருப்பாங்க" என்றாள் மனைவி.

மூன்று நாற்பதுக்கு வந்தார்கள். அவருடைய வலது சப்பாத்தின் அடி கழன்று, உரமூட்டைக் கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு என் தங்கையுடையது. அவ்வளவு இறுக்கமாக வேறு யாரும் கட்டுவதில்லை. அவர் நொண்டியபடி சிரித்துக்கொண்டு வந்தார். அவள் சிரிக்கவில்லை. கையை ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

கண்டி பஸ்ஸில் அவளருகே உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்: "அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அடுத்த ஞாயிறு கலஹாவில இருந்து மத்தத் துண்ட நடக்கப் போறோம்."

"எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"நானும் அவரும்தான் அண்ணே."

"அந்தத் துண்டு இதவிட நீளம்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.