அம்மாவுக்காக இறக்கிய திரை

வளிமண்டலம் வெப்பத்தை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்ற பாடத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். வெயில் நுழைகிறது, தரை சூடாகிறது, தரை திருப்பி அனுப்பும் சூட்டைக் காற்று முழுவதுமாக வெளியே விடுவதில்லை. செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டை உதாரணம் காட்டுவது வழக்கம். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும். அந்தச் சோதனையை எட்டு வயதிலேயே செய்து முடித்தவள் நான். பலனை அனுபவித்தது அம்மா.

கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்த புதிது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், அம்மாவுக்கு ஊருக்கு வெளியே ரோஜாத் தோட்டத்தில் வேலை. பிளாஸ்டிக் தாள் போர்த்திய பாலிஹவுஸுக்குள் விடியற்காலையில் பூ வெட்டுவாள். வெயில் ஏறியதும் கைப்பிடியைச் சுற்றிப் பக்கத் திரைகளை மேலே ஏற்றிவிடுவாள். பிறகு மதியம்வரை குளிர் அறையில் நின்று ஈரப் பூக்களைத் தரம் பிரித்துக் கட்ட வேண்டும். அந்த அறைதான் அவளுக்கு ஆகாது. விரல்கள் வெடித்து, சோறு பிசையும்போது எரியும். காதலர் தினத்துக்கான பிப்ரவரி வெட்டு நல்லபடியாக முடிந்தால், பூ வெட்டும் பெண்களுக்கு லீடர் ஆக்குவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். லீடருக்குக் குளிர் அறை கிடையாது. வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு ஓவர்டைம். என்னைத் தனியாக விட மனமில்லாமல் அம்மா தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். திரைகளை ஏற்றி முடித்ததும், "அந்த மரத்தடியில குந்திக்கினு எழுது கண்ணு. எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குளிர் அறைக்குப் போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் திரை மூடியிருந்தபோது உள்ளே எவ்வளவு கதகதப்பாக இருந்தது! சோற்றை ஆறாமல் மூடிவைக்கிற மாதிரி அந்தச் சூட்டை மூடிவைத்தால், அம்மா திரும்பி வந்து குளிர் காயலாமே. கைப்பிடியைச் சுற்றி இருபுறமும் திரையை இறக்கினேன். காற்று புகாமல் ஓரத்தில் கல் வேறு வைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அப்போதே எனக்கு இல்லை.

சூடான காற்று மேலே போக, கீழே குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும். அப்படி நடந்தால்தான் பாலிஹவுஸில் பூ தாங்கும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். மதியம் கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில் அனல் அடித்தது. இலைகள் துவண்டிருந்தன. இறுக்கமாக இருக்க வேண்டிய மொட்டுகள் வரிசை வரிசையாக வாய் திறந்திருந்தன. விரிந்த ரோஜாவை வெளியூருக்கு ஏற்ற முடியாது. எனக்கோ, அத்தனை பூவும் பார்க்க அழகாக இருந்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். தெலுங்குக்காரர், கோபம் வந்தால் இரண்டு மொழியும் கலந்துவிடும். "ஏமம்மா இது? திரைய யாரு எறக்குனது?"

நான் வாயெல்லாம் பல்லாக ஓர் அடி முன்னால் வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கைப்பிடியின் கறுப்பு மசகு ஒட்டிய என் உள்ளங்கைகளைப் பார்த்தாள். என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"நான்தாண்ணா. காலையில ஏத்த மறந்துட்டேன்" என்றாள்.

லீடர் வேலை வேறோர் அக்காவுக்குப் போனது. அம்மா இன்னும் நான்கு வருடம் குளிர் அறையிலேயே நின்றாள். இன்றுவரை அதைப் பற்றி என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்றைக்கு எனக்கு வந்ததோ கோபம். கைவலிக்கச் சுற்றியது நான், நல்ல பேரைத் தட்டிக்கொண்டுபோனது அம்மா. இப்படியும் ஒரு பொய் சொல்வாளா என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். "பசிக்குதா கண்ணு?" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள்.